அலமாரியைத் திறந்தது நான் இல்லை

அன்புள்ள கார்த்தி,

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு இந்த டெல்லித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு உன்னை எடுத்தது நாங்கள்தான், அதனால் உன்னைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. இதைக் கையால் எழுதாமல் அப்பாவின் கணினியில் தட்டுவதற்கு அதுதான் காரணம். உன் போனில் இருக்கிற அந்தப் பெண் குரலிடம் கொடு, அவள் உனக்கு வாசித்துக் காட்டுவாள். பெயர்களைக் கடித்துத் துப்புவாள், முற்றுப்புள்ளி வந்தாலும் நிற்காமல் ஓடுவாள், பொறுத்துக்கொள். ஆறு வாரம் அவளோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் அப்பா அலுவலகத்தில் கோப்புக்குக் குறிப்பு எழுதின மாதிரி ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்த மணிக்கு எந்தக் கண்ணில் எந்தச் சொட்டு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையெழுத்து வேறு போடுகிறார். அவர் அசந்த நேரம் பார்த்து ஐந்து நாளாக இதை எழுதுகிறேன். இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிகிறது. எதிர் பிளாக் மாடியில் காயும் துணிகளில் எது யார் வீட்டுத் துணி என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் கண்ணில் புரை எடுத்த பிறகு வீக்கம் வந்து, அடுத்த கண்ணும் தள்ளிப்போய், எதையும் படிக்கவே கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள் அல்லவா. அப்போது நீதான் வந்து போனை என் கையில் வைத்தாய். "அம்மா, நீ சும்மாத்தான உக்காந்திருக்க. எங்க புக்கைக் கேட்டுப் பாரு. எங்க புரியலையோ அங்க நிறுத்தி மனோஜுக்கு வாய்ஸ்ல சொல்லிடு, அவன் சரிபண்ணுவான்" என்றாய். நீயும் உன்னோடு வேலை பார்க்கிற மூன்று பேரும் மூன்று வருடமாக எழுதின முதலாம் ஆண்டுப் பொருளாதாரப் புத்தகம். ஆங்கிலத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று. யாரும் ஒரு பைசா கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், பார்வை இல்லாத பிள்ளைகள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருவர் தயவும் இல்லாமல் கேட்டுப் படிக்கலாம். கேட்க ஆரம்பித்தேன். எனக்குப் பொருளாதாரம் என்றால் மதர் டெய்ரி காய்கறிக் கடையோடு சரி. ஆனாலும் நன்றாகப் புரிந்தது, அதில் எனக்குப் பெருமைதான். பிறகு கடைசிப் பக்கம் வந்தது. நன்றி சொல்லுகிற பக்கம். அந்தப் பெண் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். "என் அம்மாவுக்கு. அவர் வேலை பார்த்த நூலகத்தில் ஒரு பூட்டிய அலமாரி இருந்தது. அதை எங்களுக்காகத் திறந்துவிட்டு, திறந்ததாகவே காட்டிக்கொள்ளாதவர்."

அப்பாவை மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை கேட்டேன். "உன்னை நல்லாத்தான எழுதியிருக்கான். மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்டார். சொட்டு மருந்து எரிகிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, பதினாறு வருடமாக நீ என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. சாவி இருந்த கைப்பையை அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜை மேல் நான் வேண்டுமென்றே விட்டுப் போனேன் என்று நீ நம்பியிருக்கிறாய். கண்ணா, நான் அப்படிச் செய்யவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இருந்து முருங்கைக்காயும் அப்பளமும் நல்லெண்ணெயுமாக இரண்டு கையிலும் சுமந்துகொண்டு வந்தேன், தலைவலி மண்டையைப் பிளந்தது, எல்லாவற்றையும் மேஜை மேல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். பையை மறந்தேன். நடந்தது அவ்வளவுதான். உன் புத்தகம் அடுத்த வாரம் இணையத்தில் ஏறுகிறது. அதற்கு முன்னால் அந்த வரியை நீ எடுக்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எடு என்று மட்டும் சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வரி சேர்ப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா.

நான் எதைக் காத்துக்கொண்டிருந்தேன் என்று முதலில் சொல்கிறேன். நீ படித்த, நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சரிபார்ப்பு நடக்கும் என்பது உனக்குத் தெரியும். கமிட்டியில் இருந்து இரண்டு பேர் வருவார்கள், பதிவேட்டை விரித்து வைத்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார்கள், நாங்கள் புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத புத்தகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த பெரியவர் ஓய்வு பெற்றபோது, காணாமல்போன புத்தகங்களுக்காக அவருடைய பென்ஷன் காகிதங்களை நிறுத்திவைத்தார்கள். மனிதர் தினமும் வந்து எங்கள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்ட பாடம், வெளியே போகாத புத்தகம் தொலையாது என்பது. எந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் அதிகமாகக் கேட்கிறார்களோ அது தொலைகிற புத்தகம். அதனால் அதைத்தான் முதலில் பூட்ட வேண்டும். இப்படி எழுதிப் பார்க்கும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வேலை பார்த்தோம், அதைத்தான் நல்ல நிர்வாகம் என்றார்கள். ஒரு புத்தகமும் தொலையாத நூலகம் என்று கல்லூரி முதல்வர் எனக்குக் கொடுத்த கேடயம் நம் வீட்டு ஷோகேஸில், உன் செஸ் கோப்பைக்குப் பக்கத்தில், இன்றைக்கும் இருக்கிறது.

உங்கள் பாடத்துக்கு வைத்திருந்த அந்தத் தடிப் புத்தகம், வெளிநாட்டு அச்சு, அதில் ஆறு பிரதிகள் வாங்கியிருந்தோம். மார்ச் மாதம் முடிவதற்குள் நிதியைச் செலவழிக்க வேண்டும் என்று அவசரமாக வாங்கினது. ஒன்றை ரெஃபரன்ஸ் தட்டில் வைத்தேன், வெளியே கொடுப்பதில்லை. ஐந்தை ஸ்டீல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன், ஆசிரியர்கள் கேட்டால் மட்டும் எடுத்துத் தருவேன். அதன் விலைக்கு விடுதியில் ஒரு பையன் ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிடலாம். நம் வீட்டிலேயே உனக்குப் புதிது வாங்க முடியாமல், அப்பா உன்னை தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தைக்கு அழைத்துக்கொண்டு போய் முந்தின பதிப்பை வாங்கித் தந்தார், ஞாபகம் இருக்கிறதா. பாடம் எழுத்துக்கு எழுத்து அதேதான், ஆனால் பயிற்சிக் கணக்குகளின் எண்ணை மட்டும் புத்தகம் போட்டவன் மாற்றியிருந்தான். வாத்தியார் பன்னிரண்டாவது கணக்கு என்றால் உனக்கு அது ஒன்பதாவது. நீ ஒவ்வொரு வாரமும் யாருடைய புத்தகத்தையாவது பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவாய். இதில் ஒரு வார்த்தை உனக்கு அறிவுரையாகவே சொல்கிறேன். நீங்கள் உங்கள் புத்தகத்தை வருடா வருடம் திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கின் எண்ணில் கை வைக்காதீர்கள். புதிய கணக்கை அத்தியாயத்தின் கடைசியில் சேருங்கள். அண்ணன் அச்செடுத்த பழைய தாளை வைத்துத் தம்பி படிக்கிற வீடு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

இன்றைக்கு உங்கள் புத்தகத்தைச் சரிபண்ணுகிற இதே மனோஜ் முதல் தடவை என்னிடம் வந்த நாளை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. பிகாரில் இருந்து வந்த பையன், பிறவியிலேயே பார்வை கிடையாது, உன் வகுப்பு. கவுன்டருக்கு வந்து, அந்தப் புத்தகத்தை மூன்று நாள் கொடுத்தால் ஸ்கேன் எடுத்துக் கணினியில் போட்டுக் கேட்டுக்கொள்வேன் என்று இந்தியில் கேட்டான். ரெஃபரன்ஸ் புத்தகம் வெளியே போகாது என்றேன். "அப்படியானால் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து இங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லட்டுமா, மேடம்?" என்றான். வாசிப்பறையில் பேசக் கூடாது என்றேன். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னேன், கார்த்தி. என் தலைக்கு மேலேயே அமைதி காக்கவும் என்று பலகை தொங்கியது. அவன் "அச்சா, மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் தடியை விரித்துக்கொண்டு போய்விட்டான். நான் தவறாக ஒன்றும் சொன்னதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டும் விதி, இரண்டையும் நான் எழுதவில்லை, அவ்வளவுதான் என் நினைப்பு. இத்தனைக்கும் நான் படித்தபோது பாளையங்கோட்டையில் மூன்று பெண்களாகச் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, பிளேடால் மூன்றாகக் கிழித்து, வாரத்துக்கு ஒரு துண்டு என்று கை மாற்றிப் படித்தவள். சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் அது எனக்கு மறந்துவிட்டது.

பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, நூலகம் அரைநாள் திறந்திருக்கும். நீ சாவியை எடுத்துக்கொண்டு போய், அலமாரியில் இருந்து ஒரு பிரதியை எடுத்து மனோஜிடம் கொடுத்தாய். ஸ்கேன் சீக்கிரம் ஓட வேண்டும் என்று கல்லூரி கேட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் முதுகை அறுத்துத் தாள் தாளாக்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஒட்டி பைண்டு பண்ணினீர்கள். சாவியை நீ திரும்பக் குத்தினது பையின் இடது பக்கத்தில். நான் எப்போதும் வலது பக்கத்தில்தான் ஊக்கில் குத்திவைப்பேன். திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன், ஐந்து இருந்த இடத்தில் நான்கு இருந்தது. யார் வேலை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் கேட்டில் பையைச் சோதிக்கிற இடத்தில் மனோஜின் பைக்குள் புத்தகம் அகப்பட்டது. உனக்கு வகுப்பு இருந்ததால், வாசிப்பறை மேஜையில் வைத்துவிட்டுப் போக அவனே கொண்டு வந்திருக்கிறான். நன்றாக யோசித்துப் பார், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்த பையனை எடுத்துக்கொண்டு போகிறவன் என்று பிடித்தோம்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், அலமாரி பூட்டியிருந்ததா என்று. பூட்டியிருந்தது என்றேன். அப்படியானால் இது எப்படி வெளியே போனது என்றார். ரெஃபரன்ஸ் தட்டில் இருந்த பிரதிதான் இது, அங்கிருந்து எடுத்திருக்க வேண்டும் என்றேன். எந்த எண் எந்தத் தட்டில் நிற்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும், தட்டில் நின்றதை அலமாரிக்குள் மாற்றிவைத்தால் போதும், அதனால் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதையே என் கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன். புத்தகத்தை அனுமதியில்லாமல் எடுத்துச் சேதப்படுத்தினதாக மனோஜின் நூலக அட்டையை அந்த வருடம் முழுக்கப் பறித்தார்கள். உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. சாவி என் பொறுப்பு. சாவி வீட்டில் இருந்து போனது என்று தெரிந்தால் என் கேடயம் என்ன ஆவது என்ற நினைப்பும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, பிரிக்க முயற்சி செய்வதையும் விட்டுவிட்டேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் ஐந்து நாள் ஆனது. அன்று மதியம் நான் நடைகூடத்தில் போய்க்கொண்டிருந்தேன். மனோஜ் சுவரோரமாக நின்றிருந்தான். என் சாவிக்கொத்தின் சத்தத்தை வைத்து நான்தான் என்று தெரிந்துகொண்டு, "மேடம்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். அருகில் போனேன். "கார்த்தி கா நாம் மத் லீஜியேகா" என்றான். கார்த்தியின் பெயரை இதில் இழுக்காதீர்கள் என்று என்னிடம், என் பிள்ளையைப் பற்றி, தண்டனை வாங்கின பையன் கேட்கிறான். நான் அவனைப் பார்த்து, "கௌன் கார்த்தி?" என்று கேட்டேன். எந்தக் கார்த்தி என்று கேட்டேனடா. நான் நடந்து போய்விட்டேன். அன்று சாயங்காலம் நீ அடுக்களைக்கு வந்து, "அம்மா, மனோஜ் விஷயம் வந்து..." என்று ஆரம்பித்தாய். "ஏல, எனக்குத் தெரியாததை எங்கிட்டச் சொல்லாத. போயி தட்டை எடுத்து வை" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "தேங்க்ஸ்மா" என்றாய். எதற்கு நன்றி சொல்கிறாய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், விளங்கிக்கொள்ள விரும்பவும் இல்லை. இப்போதுதான் விளங்குகிறது. நான் உன் வாயை அடைத்ததை நீ ரகசியமாக உடன்பட்டதாக எடுத்துக்கொண்டாய். நீ என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டாய், எனக்கு அது வசதியாக இருந்தது.

நன்றிப் பக்கத்தைக் கேட்ட பிறகு இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் மனோஜுக்குப் பிழைகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் வாக்கியத்தின் நடுவில் பக்க எண்ணை வாசிக்கிறாள். இரண்டாம் அத்தியாயத்தில் படம் மூன்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அட்டவணையை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாக ஓட்டுகிறாள், எந்த எண் எந்தத் தலைப்புக்கு என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் மனோஜ் உடனே பதில் போடுவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, பாடம் முடிந்து ஓய்வு நேரத்தில் உங்களுக்கு இதைச் செய்துகொடுக்கிறான். ஒரு படத்துக்கு அவன் எழுதின விளக்கத்தைக் கேட்டு நான் அசந்துபோனேன். "இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் கோடு. விலை குறையக் குறைய வாங்குகிறவர்கள் கூடுவதைக் காட்டுகிறது." ஒரு தடவைகூடக் கோட்டைப் பார்க்காதவன் சொன்னதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்த நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அப்போது எனக்கு அடக்க முடியவில்லை. கட்டுப் போட்ட கண்ணில் அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது வேறு ஞாபகம் வந்து இன்னும் பயமாகிவிட்டது. போனை எடுத்து, "பேட்டா, ஒரு நாள் வீட்டுக்கு வர முடியுமா?" என்று கேட்டேன்.

கட்டு அவிழ்ப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தான். நீ ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாய், அது தெரிந்துதான் கூப்பிட்டேன். மெட்ரோ ஸ்டேஷனில் இருந்து அப்பா அழைத்துக்கொண்டு வந்தார். இட்லி வைத்தேன், மிளகாய்ப்பொடி அதிகம் என்று சொல்லிக்கொண்டே ஆறு சாப்பிட்டான். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் இந்தி உனக்குத் தெரியும், டெல்லிக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியும் திருநெல்வேலி இந்திதான். சொல்லி முடித்து, மன்னித்துக்கொள் என்றேன். உடனே பரவாயில்லை என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "கோபம் இருந்தது, மேடம். ரெண்டு வருஷம் இருந்தது. மத்த புக் எடுக்க முடியாம, பரீட்சைல அந்தப் பேப்பரை அடுத்த வருஷம்தான் எழுதினேன்" என்றான். பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான். "அந்த ஸ்கேன்ல நாலாவது அத்தியாயம் தலைகீழா ஏறியிருந்தது மேடம், தெரியுமா? கார்த்தி தாளைத் திருப்பி வெச்சுட்டான். கம்ப்யூட்டர் என்னென்னவோ உளறுது. அந்த அத்தியாயத்தை அவன் உக்காந்து வாயாலயே வாசிச்சுக் காட்டினான்." உன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டதற்கும் காரணம் சொன்னான். இரண்டு பேர் அட்டையும் போனால் பிறகு யார் புத்தகம் எடுப்பது, அதனால்தானாம். நான் தியாகம் என்று நினைத்து இத்தனை வருடம் புழுங்கினேன், அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

இன்னும் கேள். அந்த ஸ்கேன் அவனோடு நிற்கவில்லையாம். அடுத்த வருடம் வந்த பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தான், அவர்கள் வேறு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எத்தனை பேர் என்று அவனுக்கே தெரியவில்லை. சில வருடம் கழித்து லக்னோவில் ஒரு பையன், "என்கிட்ட ஒரு நல்ல புக் இருக்கு, நாலாவது அத்தியாயம் மட்டும் தலைகீழா இருக்கும்" என்று இவனுக்கே அதைத் தந்தானாம். அதைச் சொல்லும்போது அவன் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். நான் பூட்டி வைத்த புத்தகம் லக்னோ வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது. கார்த்தி, எனக்கு என்ன தோன்றியது என்றால், அப்பாடா என்றுதான் தோன்றியது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. நான் எவ்வளவு கெட்டியாகப் பூட்டினேனோ அவ்வளவு கெட்டியாக அது பூட்டிக்கிடக்கவில்லை. நான் செய்த தப்பு நான் நினைத்த அளவுக்குப் பலிக்கவில்லை. அதற்காகத் தப்பு சின்னதாகிவிடாது, அதுவும் எனக்குத் தெரியும். அவனுடைய ஒரு வருடம் போனது போனதுதான். ஆனாலும் நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கிவைத்த மாதிரி அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன், சொட்டு மருந்துக்கு அப்பா எழுப்பினதுகூடத் தெரியவில்லை. அவர் தாளில் அந்தக் கட்டத்தில் 'தூக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கிளம்பும்போது மனோஜிடம் கேட்டேன், இதைக் கார்த்தியிடம் சொல்லட்டுமா என்று. அவனுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தும் இத்தனை வருடம் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீ என்னைப் புகழும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். செருப்பைக் காலால் தடவித் தேடிக்கொண்டே, "சொல்லிடுங்க மேடம். எனக்கும் நல்லது. உங்களைப் பத்தி அவன் பேசறப்பல்லாம் தலையாட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலிக்குது" என்றான். வாசல் வரை போய், திரும்பி, "நீங்க கௌன் கார்த்தின்னு கேட்டீங்களே, அதை மட்டும் நான் மறக்கலை" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னானா, சிரிக்காமல் சொன்னானா என்று கண்ணில் கட்டு இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் அது சரி.

அம்மா என்பதால் அறிவுரை சொல்லாமல் முடிக்க மாட்டேன், நீயும் எதிர்பார்த்திருப்பாய். புத்தகம் வெளியானதும் யாராவது ஒரு கமிட்டி வரும். தவறாகப் பயன்படுத்துவார்கள், பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்போம், கடவுச்சொல் வைப்போம் என்று சொல்வார்கள். நல்ல மனிதர்கள்தான் சொல்வார்கள், நானும் நல்ல மனுஷிதான். ஒத்துக்கொள்ளாதே. இந்திப் புத்தகத்தை ஆங்கிலப் புத்தகம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் ஒரே நாளில் திருத்தம் ஆகட்டும். போன் இல்லாத பிள்ளை இன்னும் இருக்கிறது, திரையில் படித்தால் தலை வலிக்கிற பிள்ளையும் இருக்கிறது, அதனால் அந்த கேட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்து வை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை கடை திறந்து பைண்டு பண்ணித் தந்தவர் அவர்தானே, உன் நன்றிப் பக்கத்தில் அவரைக் காணோம். கேடயத்தை ஷோகேஸில் இருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பா வேண்டாம் என்றார், உண்மையில் ஒரு புத்தகமும் தொலையவில்லையே என்கிறார். சரி, இருக்கட்டும்.

இதை இந்தப் பெண் குரல் உனக்கு வாசித்து முடிக்கும்போது உனக்குக் கோபம் வரலாம், வருத்தம் வரலாம். போனில் கேட்காதே, நேரில் வா. வந்து என்ன வேண்டுமானாலும் கேள், இந்தத் தடவை நான் தட்டை எடுத்து வைக்கச் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையும் புத்தகத்தோடு சேர்த்துப் போடு, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆனால் அந்த வரியை எடுத்துவிடு. அந்த இடத்தில் மனோஜின் பெயரைப் போடு, நூலக அட்டை பறிபோன வருடத்தையும் சேர்த்துப் போடு. என் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் சின்ன எழுத்தில், கேட்டுப் பார்த்துப் பிழை சொன்னவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாய் அல்லவா, அதில் என்னைச் சேர். ஆறு வாரம் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் கேட்டிருக்கிறேன். அந்த வேலையை நான் உண்மையிலேயே செய்தேன்.

அம்மா